படகுக்குப் பல் அடைத்த மருமகள்

மருமகளைப் போன வாரம் எங்கே விட்டோம்? ஷெட் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, விரல் நுனியில் சிவப்புப் பெயின்ட்டோடு, தனக்குத் தானே சிரித்துக்கொண்டு படியேறினாள் அல்லவா? தூங்கும்வரை அந்தச் சிரிப்பு அவள் முகத்தை விட்டு இறங்கவில்லை.

புதிதாக வந்து உட்காருபவர்களுக்காக ஒரு வார்த்தை.

மாமனார் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உடைந்துபோன பொருள்களைப் போய்ப் பார்த்து, எப்படி உடைந்தது என்று எழுதிக் கொடுப்பதுதான் அவர் வேலை. "இத்தனை வருஷம் உடைஞ்சதையே பாத்துட்டேன். ஒண்ணையாவது சேத்து வெச்சுப் பாக்கணும்" என்று, ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய மர மோட்டார் படகை வாங்கிக்கொண்டு வந்து ஷெட்டில் நிறுத்தினார். கார் தெருவுக்குப் போனது.

மாமியார் அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். "கட்டின பொண்டாட்டி நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். இந்த வயசுல எனக்கு ஒரு சக்களத்தியா? அதுவும் ஓட்டை உடைசலா?" என்று கேட்டார். அன்று முதல் அந்தப் படகுக்கு வீட்டில் 'சின்னவள்' என்றுதான் பெயர்.

சின்னவளைச் சுரண்டி, தேய்த்து, இற்றுப்போன பலகைகளை மாற்றி, பித்தளையைத் துலக்கி, இன்ஜினைப் பிரித்துக் கோத்து, இப்போது ஆற்றில் இறக்கும் நாளும் வந்துவிட்டது. அந்த நாள் இன்று.

நம் மருமகள் பல் டாக்டர். வீட்டுக்கு வந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவளுக்கும் மாமனாருக்கும் இடையே மரியாதை நிறைய, பேச்சு குறைவு. ஆனால் தினமும் காலையில் அவள் ஸ்கூட்டர் சீட்டிலிருக்கும் பனி ஈரத்தை யாரோ துடைத்து வைத்திருப்பார்கள். யார் என்று அவள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவள் மனத்தில் ரொம்ப நாளாக ஓர் ஆசை.

நேற்று அவர், படகை ஆற்றில் இறக்கப்போகும் கிரேன்காரரைப் பார்க்கப் போன சமயத்தில் அந்த ஆசை நிறைவேறியது. ஷெட்டில் டீ டம்ளரை எடுக்கப் போனவள், படகின் அடியில் குனிந்து பார்த்தாள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே மெல்லிய இடுக்குகள். உள்ளே பஞ்சு திரித்து வைத்திருந்தது. அதையும் மீறி ஓரிரு இடங்களில் வெளிச்சம் தெரிந்தது. 'பாவம், மாமாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது' என்று நினைத்தாள். பல்லில் குழி கண்டால் அடைக்கிற கை அது. சும்மா இருக்குமா? இரண்டு குழாய்ப் பசையைக் கலந்தால் கல்லாக இறுகுமே, அதை வாங்கி வந்து, அட்டையை விரித்து மல்லாந்து படுத்து, இடுக்கு இடுக்காக அடைத்தாள். இடப்பக்கம் முழுவதும் முடிந்தது. வலப்பக்கம் பாதியில் பசை தீர்ந்துபோனது. மேலே மிச்சமிருந்த சிவப்புப் பெயின்ட்டைத் தடவி, தடயமே தெரியாமல் செய்துவிட்டாள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே வராமல் படகு மிதக்கும்போது, மெதுவாக மாமாவிடம் சொல்லலாம் என்று இருந்தாள்.

இனி இன்றைய காலை.

மருமகள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மாமனார் கிரேன்காரரிடம் போனில் பேசுவது கேட்டது.

"வாங்க, வாங்க, முன்னாடியே வந்துடுங்க. மழை பிடிச்சா ஆத்துல வெள்ளம் வந்துடும், அப்புறம் இந்த வருஷம் இறக்கவே முடியாது... என்னது, ஒழுகுமாவா? நல்லாவே ஒழுகும்! ஒழுகணும்ங்க. மரப்படகு காய்ஞ்சு கிடந்தா பலகை சுருங்கிடும். அதனாலதான் இடுக்கை அப்படியே விட்டிருக்கேன். தண்ணியில இறங்கினா மரம் தண்ணி குடிச்சு ஊதி, தானே ஒண்ணோட ஒண்ணு இறுகிக்கும். அதுவரைக்கும் உங்க கிரேன் பட்டையிலதான் தொங்கணும்."

மருமகளின் கை நின்றது.

"அடைக்கிறதா? ஐயய்யோ! மெத்துனு இருக்கிற பசைன்னா பரவாயில்ல, பிதுங்கி வெளிய வந்துடும். கல்லு மாதிரி எதையாவது வெச்சு அடைச்சா மரம் ஊத இடம் ஏது? பலகை ஒண்ணை ஒண்ணு நெட்டித் தள்ளி, உள்ள இருக்கிற விலாக்கட்டை பட்டு பட்டுனு ஒடிஞ்சிடும். படகே போச்சு!"

கண்ணாடியில் தெரிந்த முகம் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"முதல்ல யார் ஓட்டப் போறாங்களா?" மாமனார் குரலைத் தாழ்த்தினார். "வீட்ல யார்கிட்டயும் சொல்லல. என் மருமகதான். அவகிட்டயே இன்னும் சொல்லல."

அவள் குளியலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மனம் என்பது வேடிக்கையான வஸ்து. பயம் வந்த மறுகணமே அது வக்கீல் வைத்துக்கொள்கிறது. 'ஒன்றும் சொல்லாதே. பழைய மரம், ஒடிந்தது என்பார்கள். நீ அடைத்தது யாருக்குத் தெரியும்? பெயின்ட் கூடப் பூசியாயிற்று' என்று அது வாதாடியது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அந்த வாதம் அவளுக்கு இனிக்கவும் செய்தது. பிறகு அவர் இன்ஷூரன்ஸ்காரர் என்பது நினைவுக்கு வந்தது. எப்படி உடைந்தது என்று அவர் ஒடிந்த கட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பார். கடைசியில், எங்கோ தானே தப்புப் பண்ணிவிட்டதாக எழுதிக்கொள்வார்.

"கடவுளே, கால் நடுங்காம அங்கவரைக்கும் கொண்டு போ. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்று வேண்டிக்கொண்டு வாயைக் கொப்பளித்தாள்.

ஷெட்டில் மாமனார் இன்ஜின் மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பாட்டு ஒன்றை முணுமுணுத்தார். அவர் பாடி அவள் கேட்டதே இல்லை.

"மாமா."

"வாம்மா. டீ குடிச்சியா?"

"மாமா, இடுக்கையெல்லாம் நான் அடைச்சிட்டேன்."

"எந்த இடுக்கும்மா?"

அவள் கையால் காட்டினாள். மாமனார் குனிந்தார். நகத்தால் பெயின்ட்டைச் சுரண்டினார். அடியிலிருந்து வெள்ளையாக, பளிங்கு மாதிரி ஒன்று தெரிந்தது. தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது.

அவர் திட்டவில்லை. ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். துடைத்த துணியையே மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஓட்டைன்னு நினைச்சேன் மாமா. உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு..." என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அழுகைச் சத்தம் கேட்டு மாமியார் வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. வீட்டின் முன்னறைதான் அவருடைய தையற்கடை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மருமகள் விக்கி விக்கிச் சொல்லி முடித்தாள்.

மாமியார் இடுப்பில் கை வைத்துத் திரும்பினார். மருமகளிடம் அல்ல.

"ஏங்க, இடுக்கு வேணும்னேதான் விட்டிருக்கீங்கன்னு இந்த வீட்ல யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

மாமனார் துணியை மறுபடி பிரித்தார்.

"பாத்திரத்துல ஓட்டை இருந்தா அடைக்கத்தானே செய்வாங்க? அவ என்ன ஜோசியமா பாப்பா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னா நீ சிரிப்ப" என்றார் மாமனார், துணியைப் பார்த்தபடி.

"என்னது?"

"வந்த அன்னைக்கே ஓட்டை உடைசல்னு சொன்ன. இத்தனை வருஷம் பாடுபட்டுட்டு, முதல் நாள் இது ஒழுகும்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது? நானும் கிரேன்காரரும் மட்டும் போய் இறக்கி, ஒழுகி முடிச்சதும் உங்களையெல்லாம் கூப்பிடலாம்னு இருந்தேன்."

மாமியார் இடுப்பிலிருந்து கையை எடுத்தார். "நான் சும்மா வாய்க்கு வந்ததைப் பேசறவன்னு தெரியாதா உங்களுக்கு?" என்றார், குரல் இறங்கி. "சரி, எழுந்திருங்க. இதை எடுக்க வழி உண்டா, இல்லையா?"

"சுரண்டி போட்டா பலகை ஓரமெல்லாம் பிய்ஞ்சிடும். சூடு காட்டினா கொஞ்சம் இளகும். ஆனா இவ்வளவு மெல்லிசான இடத்துல யாரு..."

மருமகள் மூக்கை உறிஞ்சினாள். "மாமா, பல்லுக்குச் சேதம் வராம பழைய அடைப்பை எடுக்கறதுதான் எனக்குத் தினசரி வேலை" என்றாள்.

பள்ளிக்கூட முகாம்களுக்கு அவள் எடுத்துப்போகும் பெட்டி மாடியில் இருந்தது. அதில் கையில் பிடிக்கும் சின்ன மோட்டார், அதில் மாட்டும் துருவிகள், வளைந்த ஊசிகள், நெற்றியில் கட்டும் விளக்கு எல்லாம் இருந்தன. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி எடுத்து வந்தாள்.

மாமனார் பழைய பெயின்ட்டை உரிக்க வைத்திருந்த சூடுகாற்றுக் கருவியை எடுத்து இடுக்கின் மேல் காட்டினார். பசை லேசாக இளகியது. மருமகள் மல்லாந்து படுத்து, துருவியால் நடுவில் ஒரு கோடு இழுத்தாள். ஆனால் பசை கீழேயிருந்த பஞ்சையும் கவ்விக்கொண்டு வந்தது.

"நகரு, நகரு" என்று மாமியார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் படுத்தார். கையில் தையல் பிரிக்கும் கொக்கி. "துணி கிழியாம தையலைப் பிரிக்கத் தெரியாதவளா நான்? நீ கோடு போட்டுக்கிட்டே போ. உரிக்கறது என் பொறுப்பு."

கொக்கியின் நுனியை உள்ளே விட்டு, மெல்லத் தூக்கி, ஒரு இழுப்பு. வெள்ளை நாடா மாதிரி பசை உரிந்து வந்தது. பஞ்சு இருந்த இடத்திலேயே இருந்தது.

"அத்தை!"

"என்ன நொத்தை. அடுத்த இடத்துக்குப் போ."

இப்படியாக ஒரு வீட்டின் மூன்று பேர் ஒரு படகின் அடியில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். சூடு காட்டுகிறவர், கோடு போடுகிறவள், உரிக்கிறவர். முகத்தில் சிவப்புத் தூள். பிறகு பழக்க தோஷத்தில் மருமகள், "இன்னும் கொஞ்சம் வாயைத் திறங்க" என்று பலகையிடம் சொன்னாள்.

மாமனார் தோள் குலுங்கியது.

"வலிச்சா கையைத் தூக்கச் சொல்லும்மா" என்றார்.

"மரத்துப்போற ஊசி போட்டியா இல்லையா சின்னவளுக்கு?" என்றார் மாமியார். "நாளைக்கு வீங்கிடுச்சுன்னா?"

"வீங்கணும்ங்கறதுக்காகத்தானே இவ்வளவு பாடும்!"

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் சூடுகாற்றுக் கருவி கைதவறி, மாமனாரின் செருப்பு வார் உருகியது.

கிரேன்காரர் வந்தபோது இடப்பக்கம்தான் முடிந்திருந்தது. ஷெட்டுக்கு வெளியே மூன்று ஜோடிக் கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவர் திகைத்து நின்றார்.

"சார், எனக்கு மத்தியானம் வேற வேலை இருக்கு. தாமதமாகுமா?"

"கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று மாமனார் கீழேயிருந்து சொன்னார்.

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்று அவர் எரிந்து விழுந்தார். சொல்லும்போதே ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

மருமகள் அதைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு நேரம் பொன்னாக இருந்தது. அவர் கோபம் அவளைச் சுட்டது. இருந்தாலும் வலி என்று ஒன்றைக் கண்ட பிறகு அவளால் திரும்பிப் படுக்க முடியவில்லை. ஊர்ந்து வெளியே வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"எத்தனை நாளா வலிக்குது?"

"எது? ஒண்ணுமில்லம்மா... ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல."

"இப்படி உக்காருங்க. வெளிச்சத்தைப் பாருங்க. ஆ காட்டுங்க."

புதிய ஊசியும் கண்ணாடியும் எடுத்தாள். கடைவாய்ப் பல்லின் குழியில் ஏதோ அடைத்துக்கொண்டு நரம்பை அழுத்தியிருந்தது. சுத்தம் செய்து, மருந்து வைத்து, தற்காலிகமாக மூடினாள். "திங்கக்கிழமை க்ளினிக்குக்கு வந்துடுங்க. விட்டுடக் கூடாது" என்றாள்.

கிரேன்காரர் நாக்கால் பல்லைத் தொட்டுப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, "அண்ணே, மத்தியான வேலையை நாளைக்கு வெச்சுக்கலாமா? இங்க ஒரு படகு... ஆமா, கொஞ்சம் சிக்கல்" என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. போனைப் பையில் போட்டுவிட்டு, "எனக்கும் ஒரு கொக்கி இருந்தாக் குடுங்க" என்று அவரும் படுத்துவிட்டார்.

வலப்பக்கமும் முடிந்தது. முடிந்தது என்றா சொன்னேன்? ஓர் இடம் தவிர. இன்ஜினுக்கு நேர் கீழே, நடுக்கட்டை வளைந்து திரும்பும் மூலையில், ஒரு சாண் நீளம். அங்கே துருவியும் நுழையவில்லை, கொக்கியும் எட்டவில்லை. நேற்று எப்படித்தான் அங்கே பசையைத் திணித்தாளோ!

"மாமா, இது மட்டும் வரல. மறைக்க மாட்டேன். இங்க கல்லு மாதிரிதான் இருக்கு."

மாமனார் வெகுநேரம் அந்த மூலையைத் தடவிப் பார்த்தார்.

"மழை நமக்காகக் காத்திருக்காதும்மா. இறக்குவோம். நம்ம கைக்கு எட்டினதெல்லாம் செஞ்சாச்சு. எட்டாததை ஆண்டவன் பாத்துக்கட்டும்."

ஆற்றங்கரையில் நல்ல வெயில். பட்டைகளில் தொங்கியபடி சின்னவள் மெல்ல இறங்கினாள். சிவப்பு வயிறு தண்ணீரைத் தொட்டது. மேலே தேன் நிறத்தில் வார்னிஷ் மின்னியது. 'அடடா' என்று மாமியாரே சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

அவ்வளவுதான். நாலா பக்கமும் தண்ணீர் உள்ளே பீறிட்டது. தரைப்பலகை மிதந்தது.

"ஒழுகுது! நல்லா ஒழுகுது!" என்று மாமனார் குதித்தார். மருமகள் கை தட்டினாள். தன் வீட்டுப் படகு ஒழுகுவதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட குடும்பத்தை அந்த ஆறு அதற்கு முன் பார்த்திருக்காது.

அதே சமயத்தில்தான் மகன் வந்து சேர்ந்தான். மருந்துக்கடைக்காரன். காலையிலேயே கடைக்குப் போனவனுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. பைக்கை நிறுத்தியவன் கண்ணில் பட்டது, பாதி மூழ்கிய படகும் கரையில் குதிக்கிற அப்பாவும்தான்.

"அப்பா! படகு! ஓட்டை!" என்று அலறிக்கொண்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல், கையில் சாப்பாட்டுப் பையோடு ஆற்றில் பாய்ந்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று, டிபன் டப்பாவைத் திறந்து, சாப்பாட்டை ஆற்றில் கொட்டிவிட்டு, படகிலிருந்து தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினான்.

"டேய், விடுடா! குடிக்கட்டும்டா!" என்று மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"யாரு குடிக்கட்டும்?"

"சின்னவ!"

மருமகள் தண்ணீரில் இறங்கி, அவன் காதில் எல்லாவற்றையும் சொன்னாள். தான் அடைத்ததையும் சொன்னாள். அவன் டப்பாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "எல்லாரும் அழுவீங்களேன்னு மதியச் சாப்பாட்டைத் தியாகம் பண்ணிட்டேனே" என்றான்.

தண்ணீரை வெளியே இறைக்க மாமனார் படகுக்குள் வைத்த பம்ப் ஓட ஓட, பிற்பகல் நகர்ந்தது. தண்ணீர் உள்ளே வருவதும் பம்ப் அதை வெளியே துப்புவதுமாக இருந்தன. மாமியார் வீட்டுக்குப் போய் ஒரு மூட்டையோடு திரும்பினார். பிரித்தால், நீலத் துணியில் தைத்த இரண்டு மெத்தைகள். படகு சீட்டின் வளைவுக்கு அச்சாகப் பொருந்தும் அளவு.

"எப்ப அளவு எடுத்த?" என்றார் மாமனார்.

"நீங்க தூங்கும்போது" என்றார் அவர் வெடுக்கென்று. "பின்ன, மரப்பலகையிலயா உக்காருவா எம்மருமக? முதல்ல ஓட்டப் போறது அவதானாமே. ஜன்னலோரம் நின்னு போன் பேசினா ஊருக்கே கேக்கும்."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். மாமனார் தொண்டையைச் செருமினார். அந்த வீட்டில் எல்லோரும் எல்லோருக்கும் ஒளித்து ஒளித்து நல்லது செய்துகொண்டிருந்தார்கள். அதில் பாதியைச் சொல்லிவிட்டுச் செய்திருந்தால் இன்றைய பாடு மிச்சமாகியிருக்கும். ஆனால் ஒளிக்காமல் சொன்ன ஒரு சொல்தான் படகைக் காப்பாற்றியிருக்கிறது. காலையில் குளியலறைத் தரையிலிருந்து எழுந்தபோது அவளுக்கு அந்த பலத்தைக் கொடுத்த கடவுளுக்கு அவள் மனத்துக்குள் நன்றி சொன்னாள்.

வெயில் சாயும் நேரத்தில் பம்ப்பின் சத்தம் மாறியது. களக் களக் என்று ஓடியது, ஒருமுறை இருமியது, பிறகு காற்றை உறிஞ்சியது.

"தண்ணி குறையுது!" கிரேன்காரர்தான் முதலில் கத்தினார்.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பீறிட்ட இடங்கள் கசிந்தன. கசிந்த இடங்கள் வியர்த்தன. பலகைகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து இறுகிக்கொண்டிருந்தன. மாமனார் கண்களைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார். ஆற்றங்கரை ஈரத்தில் எங்கேயிருந்து தூசி என்று யாரும் கேட்கவில்லை.

அப்போது அந்தச் சத்தம் வந்தது.

டக்.

சின்னச் சத்தம்தான். இன்ஜினுக்குக் கீழேயிருந்து.

சிரிப்பு நின்றது. மாமனார் படகைப் பார்க்கவில்லை, மருமகளைப் பார்த்தார். அவர் கண்ணில் குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. 'பயப்படாதே' என்று சொல்ல வார்த்தை தேடுகிற பார்வை அது.

ஆனால் அவள் அவருடைய வார்த்தைக்குக் காத்திருக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகி, நீர் தேங்கிய படகுக்குள் இறங்கிவிட்டாள். இன்ஜின் பக்கம் மண்டியிட்டு, ஈரப் பலகையில் காதை அழுத்தினாள்.

"மாமா, இங்க வாங்க."

அவரும் இறங்கினார். இடம் குறுகல். இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டன. ஒரே பலகையில், இந்தப் பக்கம் அவள் காது, அந்தப் பக்கம் அவர் காது.

"என்ன கேக்குது?" என்று கரையிலிருந்து மாமியார் கத்தினார். "ஒடிஞ்சுதா? இல்ல, இறுகுதா? சொல்லித் தொலைங்களேன்!"

படகுக்குள்ளிருந்து இரண்டு கைகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன.

"உஸ்ஸ்ஸ்!"